சீட்டை மறைக்கலாம், உடன்பாட்டை மறைக்கக் கூடாது

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதிகளும் நேர்மையும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இப்படிப்பட்ட தலைப்புக்குக் கிரிக்கெட்டிலிருந்தோ கபடியிலிருந்தோ எடுத்துக்காட்டு சொல்வது வழக்கம். நான் ஒரு சீட்டாட்டத்திலிருந்து சொல்லப் போகிறேன். ‘பள்ளி ஆசிரியர்களிடம் சீட்டாட்டமா?’ என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அது நியாயமான தயக்கம்தான். பணம் வைத்து ஆடிக் குடும்பங்கள் சீரழிந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நான் பேசப்போகும் பிரிட்ஜ் ஆட்டம் வேறு வகை. போட்டிகளில் இங்கே பந்தயப் பணம் கிடையாது. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுப் பகிர்வை மற்ற மேசைகளிலும் ஆடவைத்து மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். நல்ல சீட்டு வந்ததால் வென்றேன் என்று யாரும் சொல்ல முடியாது; அதே சீட்டு மற்ற மேசைக்காரருக்கும் வந்திருக்கும். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் இடம்பெற்றது. ஆடவர் இரட்டையரில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். அப்போது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. எதிரணியை வெல்ல நீங்கள் என்ன உத்தி வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கூட்டாளியோடு நீங்கள் செய்துகொண்ட உடன்பாட்டை எதிரணிக்கும் சொல்லிவிட வேண்டும். வேறு விளையாட்டுகளில் இப்படி ஒன்றை நாம் கேள்விப்படுவதில்லை. பந்து வீசுபவர் அடுத்த பந்து எப்படிச் சுழலும் என்று மட்டையாளரிடம் சொல்வதில்லை. பிரிட்ஜில் மட்டும் ஏன் இப்படி? வகுப்பறைக்கு இதில் என்ன இருக்கிறது? இவ்விரண்டு கேள்விகள்தான் என் பேச்சு.

38 சொற்களும் 63,501 கோடிக் கைகளும்

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். அவர்களை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்றே அழைப்பது வழக்கம். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி. கிழக்கும் மேற்கும் ஒரு ஜோடி. 52 சீட்டுகள், ஆளுக்கு 13. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு சீட்டு போட, உயர்ந்த சீட்டைப் போட்டவர் அந்தப் பிடியை எடுக்கிறார். மொத்தம் 13 பிடிகள்.

சீட்டு இறக்குவதற்கு முன் ஏலம் நடக்கும். எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்பதை ஏலம் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தில் 304 ஆடியவர்களுக்கும், கேரள எல்லையோரம் 28 ஆடியவர்களுக்கும் இந்த முறை புதிதல்ல. பிரிட்ஜ் ஏலத்தில் ‘ஒன்று கிளாவர்’, ‘இரண்டு ஆர்ட்டின்’, ‘மூன்று நோ டிரம்ப்’ என்பது போலக் கேட்க வேண்டும். எண் 1 முதல் 7 வரை. நான்கு இனங்களும் துருப்பில்லா ஆட்டமும் சேர்ந்து ஐந்து வகை. ஆக 35 கேட்புகள். இவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள் என்ற மூன்று. மொத்தம் 38. வேறு ஒரு சொல்லும் பேசக் கூடாது; குரலை ஏற்றி இறக்கக் கூடாது; முகம் காட்டக் கூடாது. போட்டிகளில் வாயால் கூடச் சொல்வதில்லை. கேட்புகள் அச்சிட்ட அட்டைகளை ஒரு சிறு பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார்கள்.

கணித ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். 52 சீட்டிலிருந்து 13 சீட்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? 63,501 கோடிக்கும் மேல். அத்தனை விதமான கைகளை 38 சொற்களால் கூட்டாளிக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். அதிலும் ஏலத்தில் கீழே இறங்கிவர முடியாது. ஒவ்வொரு கேட்பும் முந்தையதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும். சொற்பஞ்சம் என்றால் இதுதான்.

பஞ்சம் வந்தால் ஒரு சொல்லுக்கு வேறு வேலை கொடுப்பது மனித இயல்பு. ஆட்டத்தின் இன்றைய வடிவத்தை 1925-இல் உருவாக்கிய அமெரிக்கர் ஹெரால்டு வாண்டர்பில்ட், தொடக்கத்திலேயே ‘ஒன்று கிளாவர்’ என்பதற்குக் ‘கிளாவர் நிறைய உண்டு’ என்ற பொருளை எடுத்துவிட்டு, ‘என் கை மிக வலுவானது’ என்ற பொருளைக் கொடுத்தார். 1945-இல் சாம் ஸ்டேமன் பெயரில் ஒரு முறை வெளியாயிற்று. கூட்டாளி ‘ஒன்று நோ டிரம்ப்’ என்று தொடங்கியபின் நான் ‘இரண்டு கிளாவர்’ என்றால், கிளாவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘ஆர்ட்டினிலோ ஸ்பேடிலோ உனக்கு நான்கு சீட்டு உண்டா?’ என்று கேட்கிறேன். ஈஸ்லி பிளாக்வுட்டின் முறையில் ‘நான்கு நோ டிரம்ப்’ என்றால் ‘உன்னிடம் எத்தனை ஏஸ்?’ என்று பொருள். சொல் ஒன்று, பொருள் வேறு. இவற்றைத்தான் கன்வென்ஷன் என்கிறார்கள். நாம் மரபு உடன்பாடு என்று சொல்லலாம்.

பிறகு இன்னும் விந்தையானவை வந்தன. ‘இரண்டு டைமண்ட்’ என்று ஒருவர் தொடங்குகிறார். கையில் டைமண்ட் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ‘ஆர்ட்டினில் ஆறு சீட்டு அல்லது ஸ்பேடில் ஆறு சீட்டு, எது என்று பிறகு சொல்கிறேன், கை வலுக்குறைவு’ என்பது பொருள். இதற்கு மல்டி என்று பெயர். போலந்து நாட்டு ஆட்டக்காரர்கள் இன்னும் ஒருபடி போனார்கள். எல்லோரும் கை மோசமாக இருந்தால்தான் முதலில் ‘பாஸ்’ சொல்வார்கள். இவர்கள் கை நன்றாக இருந்தால் ‘பாஸ்’, மோசமாக இருந்தால் ஏதாவது ஒரு கேட்பு என்று தலைகீழாக மாற்றினார்கள்.

இப்போது எதிரணியில் இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ‘பாஸ்’ என்று கேட்டதும், ‘பாவம், இவரிடம் ஒன்றுமில்லை’ என்று அவர் நினைக்கிறார். கூட்டாளி மட்டும், ‘என் ஆள் பலமாக இருக்கிறார்’ என்று புரிந்துகொள்கிறார். ஒரே சொல் இருவருக்கு இரண்டு செய்தி தருகிறது. இப்படியே விட்டால் அது ஏலமாக இருக்காது; ஊர் நடுவே குழுஉக்குறி பேசுவதாக ஆகிவிடும்.

விதி என்ன சொல்கிறது?

இரட்டைப் பகிர்வு பிரிட்ஜுக்கான உலகப் பொதுவிதிகள் 93. அவற்றில் 40-ஆவது விதி உடன்பாடுகளைப் பற்றியது. அதன் சாரம் இரண்டு வரிதான். எந்தக் கேட்பையும் நீங்கள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சொல்லலாம். ஆனால் அது எதிரணிக்குத் தெரிவிக்காத ஓர் உடன்பாட்டை நம்பியதாக இருக்கக் கூடாது. என் கையில் உள்ள 13 சீட்டு என் ரகசியம். அதைக் காக்க எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ‘இந்தச் சொல்லுக்கு இது பொருள்’ என்று நானும் கூட்டாளியும் வைத்துக்கொண்ட அகராதி எங்கள் சொத்து அல்ல. மேசையில் உள்ள நால்வருக்கும் அது பொது.

இதைச் செயல்படுத்த மூன்று ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, உடன்பாட்டு அட்டை. ஒவ்வொரு ஜோடியும் தன் முறைகளை எழுதி எதிரணியின் பார்வைக்கு வைக்க வேண்டும். இதில் ஒரு நயம் பாருங்கள். ஏலமும் ஆட்டமும் நடக்கும்போது என் அட்டையை எதிரணி பார்க்கலாம்; நான் பார்க்கக் கூடாது. அட்டை எனக்கு நினைவூட்டுவதற்காக அல்ல, அவர்களுக்குத் தெரிவிப்பதற்காக.

இரண்டாவது, அலர்ட். இயல்பான பொருளில் இல்லாத ஒரு கேட்பு வந்தால், அதைச் சொன்னவரின் கூட்டாளி உடனே அலர்ட் அட்டையைக் காட்ட வேண்டும். ‘கவனியுங்கள், இந்தச் சொல்லுக்கு நீங்கள் நினைக்கும் பொருள் இல்லை’ என்பது அதன் செய்தி. எந்தக் கேட்புக்கெல்லாம் அலர்ட் வேண்டும் என்பதை அந்தந்தப் போட்டியை நடத்தும் அமைப்பு வகுக்கும்.

மூன்றாவது, கேள்வி. எதிரணியினர் தம் முறை வரும்போது, ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்கலாம். கேட்பு சொன்னவர் பதில் சொல்வதில்லை, அவருடைய கூட்டாளி சொல்கிறார். ஏன்? சொன்னவருக்குத் தன் சீட்டு தெரியும். அவர் விளக்கினால் சீட்டை விளக்குவார். நமக்கு வேண்டியது சீட்டு அல்ல, உடன்பாடு. அது இருவருக்கும் பொது என்பதால், சீட்டைப் பார்க்காத கூட்டாளியின் வாயிலிருந்து வருவதே சரி. கணினி வழியே ஆடும்போது மட்டும் கேட்பு சொன்னவரே விளக்கம் தருவார். அங்கே அது எதிரணிக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது.

விளக்கம் எப்படி இருக்க வேண்டும்? ‘இது ஸ்டேமன்’, ‘இது மல்டி’ என்று பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் நல்ல விளக்கம் ஆகாது. பெயர் தெரிந்தவருக்குத்தான் பெயர் பயன்படும். ஒரே பெயருக்கு ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. ‘ஆர்ட்டின் அல்லது ஸ்பேடில் ஆறு சீட்டு, கை வலுக்குறைவு’ என்று பொருளைச் சொல்ல வேண்டும். அதேபோல, கேட்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. தன் கூட்டாளி காதில் விழட்டும் என்ற ஒரே நோக்கத்தில் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியே ஒரு சாடையாக மாறிவிடலாம் அல்லவா!

பேசாமலே உண்டான உடன்பாடு

இந்த விதியில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இனித்தான் வருகிறது. உடன்பாடு என்றால் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது மட்டும்தானா? இல்லை என்கிறது 40-ஆவது விதி. நீண்ட நாள் சேர்ந்து ஆடிய பழக்கத்தால் ஒருவர் போக்கு மற்றவருக்குப் பிடிபட்டிருந்தால் அதுவும் உடன்பாடே. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஏலத்தில் பொய் சொல்வதற்கும் இடம் உண்டு என்பதைக் கேட்டால் வியப்பீர்கள். கையில் ஸ்பேடே இல்லாமல் ‘ஒன்று ஸ்பேடு’ என்று சொல்லி மேசையைக் குழப்பலாம். அதற்கு ‘சைக்’ என்று பெயர், விதிப்படி சரிதான். நிபந்தனை ஒன்றுதான்: எதிரணி ஏமாறும் அளவுக்குக் கூட்டாளியும் ஏமாற வேண்டும். இதே தந்திரத்தை ஒருவர் அடிக்கடி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த இடத்தில் இவர் விளையாட்டுக் காட்டுவார்’ என்று கூட்டாளிக்குப் பழகிவிடும். இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அன்றோடு அது தந்திரம் என்ற தகுதியை இழந்து, மறைத்து வைத்த உடன்பாடு ஆகிவிடுகிறது.

அதே சமயம் விதி அளவுக்கு மீறிக் கேட்பதில்லை. ஆட்டத்தைப் பற்றிய பொது அறிவிலிருந்து நான் ஊகித்துக்கொண்டதை எதிரணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவை அவர்களும் முயன்று பெறலாம். என் கூட்டாளியோடு ஆடியதால் மட்டுமே எனக்குக் கிடைத்ததை அவர்கள் எவ்வளவு முயன்றாலும் பெற முடியாது. அதனால்தான் அதைச் சொல்ல வேண்டும். உழைப்பால் எட்டக்கூடிய அறிவு எது, உள்ளே இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் அறிவு எது என்ற இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வேண்டும்.

யாருக்கும் தெரியாதபோது

விளக்கம் தவறாகப் போனால் என்ன செய்வது? இங்கேதான் விதி ஒரு மனிதரின் நேர்மையை உரசிப் பார்க்கிறது.

வடக்கு ‘ஒன்று நோ டிரம்ப்’ என்று தொடங்குகிறார். தெற்கு ‘இரண்டு டைமண்ட்’ என்கிறார். ‘எனக்கு ஆர்ட்டினில் ஐந்து சீட்டாவது உண்டு’ என்பதே அவர்களுடைய உடன்பாடு. வடக்கு அதை மறந்துவிட்டார். கிழக்கு பொருள் கேட்க, ‘டைமண்ட் நிறைய உண்டு என்று பொருள்’ என்று சொல்லிவிடுகிறார். இது தவறு என்பது அந்த மேசையில் தெற்குக்கு மட்டும்தான் தெரியும்.

தெற்கு என்ன செய்ய வேண்டும்? தலையாட்டக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. உடனே திருத்தவும் கூடாது. திருத்தினால் மறந்த கூட்டாளிக்கு நினைவூட்டியது ஆகிவிடும். அடுத்து வடக்கு என்ன சொன்னாலும், அவர் சரியாகப் புரிந்துகொண்டே சொன்னார் என்று எடுத்துக்கொண்டு ஏலத்தைத் தொடர வேண்டும். அதாவது, தன் காதில் விழுந்ததை விழாதது போலக் கருதி முடிவெடுக்க வேண்டும். தோல்வி கண்ணெதிரே தெரிந்தாலும் அப்படித்தான்.

ஏலம் அவர்கள் பக்கம் முடிந்தால், எதிரணி முதல் சீட்டை இறக்குவதற்கு முன் தெற்கே நடுவரை அழைத்து, ‘விளக்கம் தவறு, எங்கள் உடன்பாடு இது’ என்று சொல்ல வேண்டும். ஏலம் எதிரணிக்குப் போயிருந்தால் ஆட்டம் முடியும்வரை காத்திருந்து சொல்ல வேண்டும். எதிரணிக்குப் பாதிப்பு இருந்தால் நடுவர் அவர்களுடைய கடைசிக் கேட்பை மாற்ற அனுமதிக்கலாம், மதிப்பெண்ணையும் திருத்தலாம். தவறாக விளக்கியவருக்கே இடையில் நினைவு வந்துவிட்டால், அவர் நடுவரை அழைத்துத் திருத்த வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அவர்களுடைய உடன்பாடே ‘டைமண்ட் நிறைய உண்டு’ என்பதுதான். தெற்குதான் மறந்து தவறாகக் கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வடக்கின் விளக்கம் சரி. தெற்கின் சீட்டுதான் அதற்குப் பொருந்தவில்லை. எதிரணி குழம்பித் தோற்றாலும் நிவாரணம் இல்லை. உடன்பாட்டை அறியும் உரிமைதான் அவர்களுக்கு உண்டு. அது சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது. தவறு விளக்கத்திலா, கேட்பிலா என்று சான்று இல்லாதபோது, விளக்கமே தவறு என்று நடுவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. ‘எங்கள் உடன்பாடு இதுதான்’ என்று காட்டும் பொறுப்பு உடன்பாடு செய்துகொண்டவர்களைச் சேர்ந்தது. அட்டையைத் தெளிவாக எழுதிவைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

மீறியவர்களும் மீண்ட ஆட்டமும்

இவ்வளவு விதி இருந்தும் எல்லோரும் ஒழுங்காக ஆடினார்களா என்றால், இல்லை. 1965-இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் செய்தி சொன்னதாக ஒரு பிரிட்டன் ஜோடிமீது குற்றச்சாட்டு எழுந்தது. உலகச் சம்மேளனம் குற்றம் உண்மை என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணையோ போதிய அளவுக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக் குறுக்கே திரை வைத்தார்கள். அப்போதும் ஒரு ஜோடி மேசைக்கு அடியில் காலால் தொட்டுக்கொண்டது பிடிபட்டது. இன்று பெரிய போட்டிகளில் திரை மேசைக்கு அடியிலும் மறைக்கிறது.

2015-இல் நார்வே நாட்டு வீரர் போயே புரோகெலாண்ட், தம்மோடு முன்பு ஒரே அணியில் ஆடிய ஒரு ஜோடியின் ஆட்டத்தில் ஐயம் கொண்டார். போட்டிகளின் காணொளிகளைப் பலர் சேர்ந்து அலசினார்கள். சீட்டுப் பலகையை மேசையில் வைக்கும் இடமே சாடையாக இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டில் மேலும் சில முன்னணி ஜோடிகளும் சிக்கின. புரோகெலாண்ட் அந்த ஜோடியோடு சேர்ந்து வென்ற பட்டங்களைத் தாமே துறப்பதாக அறிவித்தார். அவர்மீது யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வெற்றி தமக்கு உரியதல்ல என்று அவர் எண்ணினார்.

‘குழப்பம் எதற்கு? எல்லோரும் ஒரே முறையில் ஏலம் கேளுங்கள்’ என்று சட்டம் போட்டிருக்கலாம். உலகச் சம்மேளனம் அப்படிச் செய்யவில்லை. முறைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வகைப்படுத்தியது. பச்சை இயல்பானது, மஞ்சள் மிக விந்தையானது. தலைகீழ்ப் ‘பாஸ்’ போன்றவை மஞ்சள். அவற்றை எல்லாப் போட்டியிலும் ஆட முடியாது. ஆடக்கூடிய இடத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, எதிரணி ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் தர வேண்டும். உடன்பாடு எவ்வளவு விந்தையானதோ அவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதே இதன் கருத்து. புதுமைக்குக் கதவு திறந்தே இருக்கிறது. மறைப்புக்குத்தான் இடமில்லை.

நம் வகுப்பறையின் அலர்ட் அட்டை

இனி நம் இடத்துக்கு வருவோம். வகுப்பறையில் எதிரணி இல்லை. ஆனால் உடன்பாடுகள் ஏராளம்.

‘வேலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் மூட்டையைச் சுமந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றவரை, ‘வேலையே செய்யவில்லை’ என்கிறது இயற்பியல். தந்தை சுமை தூக்கும் தொழிலாளியாக உள்ள ஒரு குழந்தைக்கு இது எப்படி இருக்கும்? கணிதத்தில் வேர், கணம், சார்பு, படி. இலக்கணத்தில் எச்சம், வினை, தொகை. எல்லாம் வீட்டில் ஒரு பொருளிலும் பாடத்தில் வேறு பொருளிலும் வழங்கும் சொற்கள். பிரிட்ஜ் மொழியில் சொன்னால் இவை ‘டைமண்ட் இல்லாத இரண்டு டைமண்ட்’. அந்தச் சொல் முதலில் வரும்போது நாம் ஒரு நொடி நின்று, ‘கவனியுங்கள், இங்கே இந்தச் சொல்லுக்கு வேறு பொருள்’ என்று சொல்ல வேண்டும். கலைச்சொல்லின் பெயரைத் திரும்பச் சொல்வது விளக்கம் ஆகாது என்ற விதி நமக்கும் பொருந்தும்.

அடுத்தது மதிப்பெண். ‘காரணம் கூறுக’ என்றால் எத்தனை வரி? ‘சிறு குறிப்பு வரைக’ என்றால் எவ்வளவு? விடை சரியாக இருந்தும் படிகள் இல்லாவிட்டால் எத்தனை மதிப்பெண் போகும்? படம் கேட்காவிட்டாலும் வரைந்தால் நல்லதா? நமக்கு இவை பழகிப்போனவை. அண்ணனோ அக்காவோ படித்த வீட்டுப் பிள்ளைக்கும், தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கும் இவை தெரியும். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அந்தப் பிள்ளை பாடத்தைச் சரியாகப் படித்திருக்கும். வினாவின் மறைபொருள் தெரியாமல் மதிப்பெண் இழக்கும். ‘இன்னும் நன்றாகப் படி’ என்று நாம் அறிவுரை சொல்வோம். எவ்வளவு படித்தாலும் பாடநூலில் அது இல்லையே!

சற்று முன் சொன்ன பிரிவை இங்கே நினைத்துப் பாருங்கள். பாடம், உழைத்தால் எட்டக்கூடிய அறிவு. அதில் பிள்ளைகளுக்குள் வேறுபாடு வருவது இயல்பு. எதிர்பார்ப்பு, உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்த அறிவு; அதில் வேறுபாடு இருக்கக் கூடாது. நாம் யாருக்கும் எதையும் மறைக்க நினைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பேசாமல் பழக்கத்தால் உண்டான உடன்பாட்டையும் சொல்லியாக வேண்டும் என்பதுதானே விதி? அலகுத் தேர்வுக்கு முன் மதிப்பிடும் முறையை வகுப்புச் சுவரில் ஒட்டிவைப்பதும், ஒரு மாதிரி விடையை எல்லோர் முன்னும் திருத்திக் காட்டுவதும் நம் உடன்பாட்டு அட்டை. அது நமக்கு நினைவூட்ட அல்ல, அவர்களுக்குத் தெரிவிக்க.

மூன்றாவது நம் முகம். பிள்ளை விடை சொல்லும்போது நம் புருவம் உயர்ந்தால் உடனே அது விடையை மாற்றுகிறது. ‘நல்லா யோசிச்சுப் பாரு’ என்று நாம் சொன்னாலே, ‘தப்பு’ என்று முன்வரிசைக்குப் புரிந்துவிடுகிறது. நம் முகக்குறியைப் படிக்கப் பழகிய சிலர் பாடம் புரியாமலே சரியான விடையை வந்தடைகிறார்கள். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே குரலில், ‘எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். யாருக்குப் புரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கே தெரியும்.

வகுப்பில் ஒரு விளையாட்டு

பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்தக் கருத்தை அவர்களே உணர ஒரு சிறு செயல்பாடு சொல்கிறேன். உயர் தொடக்க வகுப்புகளில் ஒரு பாடவேளை போதும்.

1 முதல் 10 வரை எழுதிய எண் அட்டைகளை நான்கு தொகுப்பு, அதாவது 40 அட்டை, தயாரியுங்கள். நான்கு பேர், இரண்டு ஜோடி. ஆளுக்கு 5 அட்டை கொடுங்கள். மற்றவை ஓரமாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சொல் சொல்லலாம்: மா, பலா, வாழை, தென்னை. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு ஜோடியும் முன்பே பேசி வைத்துக்கொள்ளட்டும். ‘பலா என்றால் என் கூட்டுத்தொகை 30-க்கு மேல்’ என்பது போல. நால்வரும் சொன்னபின், மற்ற மூவரின் கூட்டுத்தொகையை ஒவ்வொருவரும் ஊகித்து எழுத வேண்டும். உண்மைக்கு நெருக்கமாக ஊகித்த ஜோடி வென்றது. ஐந்து அட்டைகளின் சராசரிக் கூட்டுத்தொகை 27.5 என்பதைக் கணித ஆசிரியர் பிறகு அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு ஜோடியின் சொற்பொருளும் ரகசியம். இரண்டாவது ஆட்டத்தில் அதைத் தாளில் எழுதி எதிர் ஜோடியிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு வட்டமாக அமர்ந்து பேசுங்கள். எந்த ஆட்டத்தில் மூளைக்கு அதிக வேலை? தோற்றபோது எந்த ஆட்டத்தில் கோபம் வந்தது? கூட்டாளி பொருளை மறந்துவிட்டால் நீ என்ன செய்திருப்பாய்? எதிர் ஜோடிக்குத் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டது உனக்கு மட்டும் தெரிந்தால் சொல்வாயா? கடைசிக் கேள்விக்கு அவசரமாகப் பதில் வாங்க வேண்டாம். பிள்ளைகள் உண்மையாகப் பேசினால் ‘சொல்ல மாட்டேன்’ என்றும் சிலர் சொல்வார்கள். அதைக் கண்டிக்காமல், எதிரே இருந்தவரிடம், ‘உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். மற்றதை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

தேர்வு அறையில் சாடை காட்டும் மாணவரைத் தண்டிக்க நம்மிடம் விதிகள் இருக்கின்றன. சாடையால் வெல்வதில் சுவை இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால், ஒளிவுமறைவின்றி ஆடி வென்ற சுவையை ஒரு முறையாவது அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தரக்கூடிய இடம் நம் வகுப்பறை.